பரத்பூரில் எருமையும் பறவையும்

தில்லியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் கேட்பது தாஜ்மகால்தான். மதுரா, பிருந்தாவனம், ஆக்ரா மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு நடுராத்திரியில் களைத்துப்போய் வீடு வந்து சேருகிறோம். ஆக்ராவிலிருந்து மேற்கே 55 கிலோமீட்டர் போனால் ராஜஸ்தான் எல்லைக்குள் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா என்று ஒரு பறவைச் சரணாலயம் உண்டு. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நீர்நிலை. 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்களை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1985-ல் அறிவிக்கப்பட்ட இடம்.

கடுகு கொள்முதலுக்காகப் பரத்பூர் மண்டிக்குப் பல வருஷமாகப் போய் வருகிறவன் நான். மண்டி வேலை முடிந்ததும் மிச்சப் பொழுதுக்குப் பூங்காவுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பறவை பார்க்கத்தான் முதலில் போனேன். போகப் போக, அந்த ஏரிக்கு நடந்த கதைதான் பறவைகளைவிட என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டது. காட்டைக் காப்பது, உயிரினங்களைக் காப்பது என்று நாம் சுலபமாகப் பேசிவிடுகிறோம். ஆனால் எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்வது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதற்கு இதைப் போல இன்னொரு உதாரணம் நம் நாட்டில் கிடைப்பது அரிது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது இயற்கையாக உண்டான ஏரி இல்லை. பள்ளமான நிலம்தான், மழைக்காலத்தில் தானாகவே தண்ணீர் கட்டும். 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் அரசர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணை என்ற மண்கரை எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமஸ்தானத்தார் உள்ளே குறுக்குக் கரைகளும் மதகுகளும் அமைத்து, தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். பறவைகளைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அல்ல இது. வாத்து சுடுவதற்காகச் செய்தது.

கேவலாதேவ் என்ற சிவன் கோயில் பூங்காவுக்குள் இருக்கிறது. அதன் பெயரைத்தான் பூங்காவுக்கும் வைத்தார்கள். கோயிலுக்கு அருகில் கல்லில் ஒரு பட்டியல் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் தேதியில், எந்தத் துரைக்காக, எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் சுட்டு வீழ்த்தியது 4,273 பறவைகள். நான் பேரேடு எழுதிப் பழகியவன். ஒரு கணக்கைப் படித்துக் கை நடுங்கியது அந்தக் கல்லின் முன்னால்தான். இத்தனை சுட்டும் அடுத்த வருஷம் பறவைகள் வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றுக்கு வேண்டிய தண்ணீரும் தீனியும் அங்கே இருந்தன.

அந்தக் காலம் முழுவதும் சுற்றுப்புறக் கிராமங்களின் மாடுகளும் எருமைகளும் ஏரிக்குள் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. விறகு பொறுக்குவது, புல் அறுப்பது, கோரை வெட்டுவது எல்லாம் நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, அந்த நிலத்தை விவசாயத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி முன்நின்று பேசி அதைக் காப்பாற்றினார். 1956-ல் சரணாலயம் ஆனது. 1981-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே சமயத்தில் தேசியப் பூங்காவாக உயர்த்தும் வேலையும் நடந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பினார்கள்.

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயவே கூடாது. சரணாலயத்தில் அதிகாரிகள் பார்த்து அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1982 நவம்பரில் மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. பரம்பரையாக மேய்த்த உரிமையை ஒரே நாளில் எடுத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? கிராமத்தார் திரண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மனித உயிர்கள் போயின. பறவைகளுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த ஏரியில் மனிதர்கள் மேல் துப்பாக்கி வெடித்தது.

மேய்ச்சலை நிறுத்தச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மாடு புல்லைத் தின்கிறது, தரையை மிதிக்கிறது, கூடு கட்டும் மரக்கன்றுகளைக் கடிக்கிறது, மேய்ப்பவர்கள் வந்து போவதால் பறவைகள் கலைகின்றன. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். மனிதனும் மாடும் விலகினால் இயற்கை தானே தேறிக்கொள்ளும் என்ற கருத்து அன்று உலகம் முழுவதும் இருந்தது. சாலிம் அலி போன்றவர்களும் தடையை ஆதரித்தார்கள். படித்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தற்செயலாக ஒரு நல்லது நடந்திருந்தது. மும்பையில் 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், தடைக்கு இரண்டு வருஷம் முன்பே, 1980-ல், பரத்பூரில் ஒரு நீண்ட ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது. வி.எஸ். விஜயன் தலைமையில் இளம் ஆய்வாளர்கள் அங்கேயே தங்கினார்கள். தண்ணீரின் ஆழம், அதிலுள்ள உப்பு, செடிகளின் எடை, பூச்சி, மீன், பறவை, பாம்பு என்று வருஷம் முழுவதும் அளந்துகொண்டே இருந்தார்கள். ஒரு சதுர மீட்டர் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் செடிகளை அறுத்து உலர்த்தி எடை போடுவது போன்ற வேலை. பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்கார வேலையாகத் தோன்றும். ஆனால் எருமை இருந்த காலத்துக் கணக்கும், எருமை போன பிறகான கணக்கும் ஒரே பேரேட்டில், ஒரே கையெழுத்தில் கிடைத்துவிட்டன. ஆய்வுக்கூடத்தில் காசு கொடுத்தாலும் இப்படி ஒரு பரிசோதனை அமையாது.

என்ன தெரிந்தது? தண்ணீரில் படர்ந்து வளரும் ஒரு வகைப் புல் அங்கே உண்டு. பாஸ்பாலம் டிஸ்டிக்கம் என்று தாவரவியலார் சொல்வார்கள். நம் வயல் வாய்க்கால்களின் ஓரத்தில் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் புல்லை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஜாதிதான். எருமை தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்தளவில் நின்றுகொண்டு இந்தப் புல்லை மேயும் பிராணி. பசு மாடு கரையோடு நின்றுவிடும். எருமைக்குத் தண்ணீர்தான் மேய்ச்சல் நிலம். அது தின்னுவது ஒரு பங்கு என்றால், நடந்து நடந்து மிதித்து வழி உண்டாக்குவது இன்னொரு பங்கு. சாணம் தண்ணீரில் விழுந்து நுண்ணுயிர்களுக்கு உணவாகும், அதைத் தின்று பூச்சி வளரும், பூச்சியைத் தின்று மீன் குஞ்சு வளரும்.

எருமை நின்றதும் புல்லைக் கேட்பாரில்லை. சில வருஷங்களுக்குள் திறந்த நீர்ப்பரப்பைப் புல் மூடத் தொடங்கியது. வாத்துக்கு இறங்கி நீந்தத் திறந்த தண்ணீர் வேண்டும். நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் மூழ்கி மீன் பிடிக்க இடம் வேண்டும். புல் மெத்தை போல மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் போகாது, அழுகும் புல் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும், மீன் குறையும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இளம் குட்டைப் புல்லை மேய்கிற பறவை. நம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரைக்கும் வருகிறதே, அதே வாத்துதான். எருமை மேய்ந்து குட்டையாக வைத்திருந்த புல், மேய ஆளில்லாமல் உயர்ந்து முற்றிப்போனால் அதற்கு என்ன பயன்? முற்றின கீரையை நாம் தொடுகிறோமா?

ஆள் விட்டு அறுத்தார்கள், இயந்திரம் விட்டு வாரினார்கள். எருமைகள் கூலி வாங்காமல் தினமும் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவை ஈடாகவில்லை.

மண்டியில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், மதிலை ஒட்டிய கிராமத்துக்காரர், தொண்ணூறுகளில் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. "சேட்ஜி, நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எருமை முதுகில் உட்கார்ந்து அக்கரைக்குப் போவோம். எருமை போன தடத்தில் பின்னாலேயே வாத்து வரும். இதைச் சொன்னோம். மேய்ச்சலுக்காகச் சொல்கிறான் என்றார்கள்." அவர் மேய்ச்சலுக்காகத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. சொன்னது உண்மையாகவும் இருந்தது.

விஜயன் குழுவின் பத்தாண்டு ஆய்வறிக்கை 1991-ல் வந்தது. எருமைகள் அந்த நீர்நிலையின் வாழ்க்கையில் ஓர் அங்கம். அளவோடு மேய விட வேண்டும் என்பது அதன் முடிவு. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. தடைக்கு ஆதரவாகப் பேசிய பெரியவர்கள் எந்தக் கழகத்தைச் சேர்ந்தவர்களோ, அதே கழகம்தான் அளந்து பார்த்துவிட்டு, தடையால் கெடுதல் வந்தது என்று அச்சில் எழுதிக் கொடுத்தது. வியாபாரத்தில் இதைச் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அரசியலில் விரலே வேண்டாம்.

சட்டம் மட்டும் அப்படியே நின்றது. தேசியப் பூங்காவில் மேய்ச்சல் கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. புலிக்காட்டுக்கும் பனிமலைக்கும் பொருந்துகிற விதியை, வெட்டின ஏரிக்கும் பொருத்தியாகிவிட்டது. ஒரு பூங்காவுக்காக அதை மாற்றினால் மற்ற இடங்களில் கதவு திறந்துவிடும் என்ற பயம் இருக்கிறது; அதையும் தள்ளிவிட முடியாது.

சைபீரியக் கொக்கைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பரத்பூர் என்றாலே ஒரு காலத்தில் அந்த வெள்ளைக் கொக்குதான். மேற்கு சைபீரியாவில் ஓப் நதிப் படுகையிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இந்த ஒரே ஏரியில் குளிர்காலம் கழிக்கும். 1960-களில் சுமார் 200 வந்தன. 1992-93 குளிர்காலத்தில் ஐந்து. அடுத்த இரண்டு குளிர்காலங்களில் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒரு சில தலை காட்டின. 2001-02-ல் ஒரு ஜோடி வந்தது. அதன் பிறகு வரவே இல்லை. இந்தக் கொக்கு சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கைத் தின்னும். புல் மெத்தை சேற்றை மூடிவிட்டால் கிழங்குக்கு எப்படிப் போகும்? ஆகவே எருமைத் தடைதான் கொக்கைக் கொன்றது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தடைக்கு முன்பே, 1980-க்குள்ளேயே, எண்ணிக்கை மிகவும் சரிந்துவிட்டிருந்தது. வரும் வழியெல்லாம் வேட்டை. ஆப்கானிஸ்தானில் வருஷக்கணக்கில் யுத்தம். இளைத்துப்போன பறவைக்கு இங்கேயும் தீனி கஷ்டமானது என்று வேண்டுமானால் சொல்லலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சீமையிலிருந்து வந்த முள்

புல்லின் கதை ஈரநிலத்தில். பூங்காவின் மேட்டு நிலத்தில் நடந்தது வேறு. ராஜஸ்தானத்தார் 'விலாயதி பபூல்' என்று ஒரு முள்மரத்தைச் சொல்வார்கள். தில்லியில் 'விலாயதி கீக்கர்'. விலாயத் என்றால் சீமை. பபூல் என்றால் கருவேலம். அதாவது நம்ம சீமைக் கருவேலம். ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வந்தவாசிப் பக்கம் வேலிகாத்தான் என்பார்கள். இரண்டு பாஷைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். தில்லி ரிட்ஜ் காட்டில் பெரும்பகுதி இந்த மரம்தான்; காலையில் அங்கே நடக்கப் போகிறவர்கள் தினமும் இதன் நிழலில்தான் நடக்கிறார்கள்.

மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி இதன் தாயகம். 1877-ல் இந்தியாவுக்கு விதை வந்தது. விறகுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் என்று நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்பது நெடுநாள் வழங்கிய பெயர். நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரமும் புரோசோபிஸ் இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். ஆக இரண்டும் பங்காளிகள். 2022-ல் தாவரவியலார் மறுபரிசீலனை செய்து, சீமைக் கருவேலத்தை நெல்ட்டுமா என்ற வேறு இனத்தில் போட்டுவிட்டார்கள். வன்னி பழைய பெயரிலேயே இருக்கிறது. பங்காளிச் சண்டையில் பாகப்பிரிவினை ஆன மாதிரி!

வன்னி நல்ல மரம், சீமைக் கருவேலம் கெட்ட மரம் என்று குணம் பார்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை. சொந்த ஊரில் அதன் விதையைத் தின்ன வண்டு இருக்கிறது, குருத்தைக் கடிக்கப் பிராணி இருக்கிறது. இங்கே அவை வரவில்லை; மரம் மட்டும் வந்தது. இலையை ஆடும் மாடும் தொடாது. ஆனால் இனிப்பான நெற்றை விரும்பித் தின்னும். கெட்டித் தோலுள்ள விதை வயிற்றில் ஜீரணமாகாமல் சாணத்தோடு விழும். சாணமே அதற்கு எரு. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை கிளம்பும். வெட்டுவது அதற்கு உபகாரம்.

இங்கேதான் விஷயம் குழம்புகிறது. தண்ணீரில் எருமை வேண்டும் என்று சொன்ன அதே அறிவியல், மேட்டு நிலத்தில் நெற்றைத் தின்று விதை பரப்புவது கால்நடையும்தான் என்று சொல்கிறது. பூங்காவுக்குள் இருக்கும் நீல்காய் மானும் பன்றியும் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே 'கால்நடை நல்லதா கெட்டதா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்தப் பிராணி, எந்த இடத்தில், எந்த மாசத்தில், எத்தனை தலை என்று கேட்க வேண்டும். சரக்கு விலை கேட்கிற மாதிரிதான். ரகமும் எடையும் சொல்லாமல் விலை கேட்டால் எந்த வியாபாரி சொல்வான்?

இந்த மரம் வேகமாகப் பரவியதற்குத் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு காரணம். பூங்காவுக்கு வருஷத்துக்குச் சுமார் 550 மில்லியன் கன அடி தண்ணீர் வேண்டும். காவிரிச் செய்தி படித்து வளர்ந்த நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால் அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. கம்பீர் நதியில்தான் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது. மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்ததும் வரத்து குறைந்தது. 2004-ல் பூங்காவுக்குத் தண்ணீர் விடுவதை அந்தப் பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயல் காயும்போது வாத்துக்குத் தண்ணீரா என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? காவிரிக் கரையில் பிறந்த எவருக்கும் அந்தக் கோபம் புரியும். ஏரி காய்ந்த வருஷங்களில், தண்ணீர் நின்ற படுகைக்குள்ளேயே சீமைக் கருவேலம் இறங்கிவிட்டது.

2007-ஐ ஒட்டிய வருஷங்களில் அதை வேரோடு பிடுங்கும் வேலை பெரிய அளவில் நடந்தது. அதற்கு வனத்துறை யாரைக் கூப்பிட்டது? மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே கிராமத்தாரை. குடும்பங்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்து, அடிவேர் வரை தோண்டி எடுப்பவர்கள் விறகைத் தாங்களே கொண்டுபோகலாம் என்று ஏற்பாடு. கூலிப் பணம் பட்டுவாடா இல்லை. மரம் போனது, அடுப்புக்கு விறகு வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் துப்பாக்கியில் முடிந்த விவகாரம் இந்த அளவுக்காவது திரும்பி வந்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒருமுறை பிடுங்கினால் தீர்ந்துவிடாது. மண்ணுக்குள் கிடக்கும் விதை மழை பெய்தால் முளைக்கும். வருஷா வருஷம் கன்றிலேயே பிடுங்க வேண்டும். கடனுக்கு வட்டி கட்டுவது போல விடாமல் செய்ய வேண்டிய வேலை அது. நம் பக்கத்தில் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவின் பேரில் மாவட்டம் மாவட்டமாக இயந்திரங்கள் இறங்கினவே, அப்போதும் இந்தக் கன்று விவகாரத்தைப் பேசினவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆகாயத்தாமரையும் இந்த ஏரியில் உண்டு. அதைப் பற்றி நமக்குத் தெரியாததில்லை. இன்னொரு விருந்தாளி ஆப்பிரிக்கக் கெளுத்தி மீன். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். ஆனாலும் லாபத்துக்காக யார் யாரோ வளர்த்து, வெள்ளத்தில் தப்பி ஆற்றில் சேர்ந்து, தண்ணீரோடு பூங்காவுக்குள் வந்துவிட்டது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். காற்றையே சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் ஏரி வற்றினாலும் சேற்றில் பிழைத்துக் கிடக்கும். நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். மஞ்சள்மூக்கு நாரை தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவது சின்ன மீன்களைத்தான். அந்த மீனைக் கெளுத்தி தின்றுவிட்டால் கூட்டில் இருப்பது பட்டினி. ஏரி வற்றும் மாதங்களில் ஆள் வைத்து இந்த மீனைப் பிடித்து அகற்றி வந்திருக்கிறார்கள்.

கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட சமணக் குடியில் பிறந்தவன் நான். "நீங்கள் எப்படி இதை ஆதரிக்கிறீர்கள்?" என்று வீட்டிலேயே என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகைப்படுத்துகிறது. சமண நூல்களும் அப்படியே. ஆக, கெளுத்தியைப் பிடிப்பது இருக்கட்டும், முள்ளைப் பிடுங்குவதே ஹிம்சை என்றாகிறது. நான் அவளிடம் சொன்ன பதில் இது: இந்த மீனும் மரமும் தாமாக வரவில்லை. நாம் கொண்டுவந்து விட்டோம். விட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றால், கூட்டில் சாகும் குஞ்சின் ஹிம்சையும் நம் பற்றில்தான் எழுதப்படும். அவள் ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். "அப்படியென்றால் முதலில் கொண்டுவராமல் இருந்திருக்கணும் மாமா" என்றாள். அதற்கு மறுபேச்சு ஏது?

ஆராய்ச்சிக்குத் திரும்புவோம். விஜயன் பிறகு கோயம்புத்தூர் ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர் ஆனார். 2023-ல் அந்த மையம் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. பரத்பூர் ஆய்வில் விஜயனோடு வேலை செய்தவர்களில் சுப்பிரமணியன் பூபதி என்ற நம் தமிழரும் ஒருவர். பூங்காவின் மலைப்பாம்புகளைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1989-ல் வெளியானது. பறவைப் பூங்காவில் பாம்பை எண்ணப் போனவர்! பூபதி 2014-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கள ஆய்வின்போது விபத்தில் காலமானார்.

கோவை மையத்து ஆய்வாளர்கள் சுமார் முப்பது வருஷம் கழித்துப் பரத்பூருக்குத் திரும்பிப் போனார்கள். எண்பதுகளில் எழுதி வைத்த தாவரக் கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட்டார்கள். உள்ளூர் மரஞ்செடிகள் இருந்த இடங்களைச் சீமைக் கருவேலம் எப்படிப் பிடித்துக்கொண்டது என்று அந்த ஒப்பீட்டில் தெளிவாகத் தெரிந்து, 2017-ல் கட்டுரையாக வந்தது. பழைய பேரேடு இல்லையென்றால் 'முன்னே இப்படி இல்லை' என்று பெரியவர்கள் சொல்கிற பேச்சோடு நின்றிருக்கும். அவர்களே முள்ளம்பன்றி வளைகளையும் ஆராய்ந்தார்கள். முள்ளம்பன்றி தோண்டும் வளையில் மலைப்பாம்பு, வௌவால் என்று பல ஜீவன்கள் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன. குளிர்கால முற்பகலில் வளை வாயில் வெயில் காயும் மலைப்பாம்பை நானே பார்த்திருக்கிறேன். மரத்தைப் பிடுங்குகிறவர் காலடியில் எந்த வளை இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் மண்வெட்டி போட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில், கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவரும் ஏற்பாடு 2012-ஐ ஒட்டி வந்தது. சம்பல் நதித் தண்ணீரும் கொஞ்சம் சேர்ந்தது. நதித் தண்ணீர் மழையோடு ஓடி வரும்போது மீன் முட்டையும் செடி விதையும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீரில் அந்த வரவு எவ்வளவு என்பதும் அளந்து பார்க்க வேண்டிய விஷயம்தான்.

மேய்ச்சல் தடை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. இடைக்காலத்தில் கண்டுபிடித்த வழி, கிராமத்தார் கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து புல் அறுத்துச் செல்வது. எருமை உள்ளே வரக்கூடாது. எருமைக்கான புல் வெளியே போகலாம். புல் குறைகிறது, கோடையில் தீப்பிடிக்கும் பயமும் குறைகிறது. ஆனால் சீட்டு கொடுப்பது மேட்டுப் பகுதிகளுக்குத்தான். ஆழத் தண்ணீரில் இறங்கி அறுக்க எந்த மனிதனால் முடியும்? அந்த வேலைக்கு ஏற்ற உடம்பு எருமைக்குத்தான் இருக்கிறது.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை போனால் நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டு வாத்துகள். உள்ளே ரிக்ஷா ஓட்டுகிறவர்கள் பறவைப் பெயர்களை இங்கிலீஷிலேயே ஒப்பிப்பார்கள். பெயர் கேட்டு முடித்த பிறகு, குழந்தைகளை விட்டு எருமைக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். வயதானவராக இருந்தால் ரிக்ஷாவை ஓரங்கட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார்.